திரையைப் பிடித்தால் படம் கிடைத்துவிடுமா? பயிற்றிகளுக்குப் படம் எடுக்கும் முறைகள்: ஒரு மதிப்பீடு

ஆசிரியர்களுக்கும், தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

தேர்வு நெருங்க நெருங்க நம் புலனக் குழுக்களில் பயிற்றிகள் வந்து குவிகின்றன. கேள்விகள் நன்றாகவே இருக்கின்றன. விடைப்பட்டிகூட சேர்த்தே வருகிறது. ஆனால் கேள்விக்கு மேலே இருக்கும் படத்தைக் கொஞ்சம் பாருங்கள். மங்கலாக இருக்கும். ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். சில படங்களில் சுட்டியின் அம்புக்குறிகூட நடுவில் நிற்கும். அதைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனால், மாணவன் கையில் கிடைப்பது ஒரு சாம்பல் நிறத் திட்டு, அவ்வளவுதான்.

"படம்தானே, கேள்வி தெளிவாக இருந்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. இரவுச் சந்தைப் படம் ஒன்றைக் கொடுத்து, "கடைக்காரரின் முகத்தில் வெளிப்படும் உணர்வு யாது?" என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முகமே தெரியாதபோது மாணவன் என்ன செய்வான்? ஊகித்து எழுதுவான். ஊகம் தப்பினால் புள்ளி போகும். "படத்தைப் புரிந்துகொள்ளும் திறன் குறைவு" என்று நாமும் பதிவேட்டில் எழுதிவிடுவோம். உண்மையில் அங்கே நாம் அளந்தது மாணவனின் தமிழை அல்ல, நம்முடைய கோப்பின் தரத்தை.

ஆகவே, ஒரு மின்னாவணத்திலிருந்து படத்தை எப்படி எடுக்கிறோம் என்பது வெறும் கணினி விஷயம் இல்லை. மதிப்பீட்டின் நேர்மையைத் தொடும் விஷயம். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் படம் கோப்பிலிருந்து வெளியே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகின்றன. ஆசிரியருக்கு வேலை அங்கே முடிவதில்லை. தெளிவு, முழுமை, பாதுகாப்பு என்ற மூன்று அளவுகோல்களை வைத்துக்கொண்டு, நாம் பயன்படுத்தும் முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. திரைப்பிடிப்பு: எளிது, ஆனால் ஏமாற்றும்

விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, வேண்டிய பகுதியை வளைத்தால் படம் வந்துவிடும். இதைவிட எளிய முறை இல்லை. நம்மில் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறோம். இதில் உள்ள சிக்கல் திரையில் தெரியாது, அச்சில்தான் தெரியும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல மடிக்கணினிகளின் திரை அகலம் 1366 படப்புள்ளிகள். படம் திரையில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்திருந்தால், நீங்கள் வளைத்து எடுப்பது ஏறக்குறைய 450 படப்புள்ளிகள் மட்டுமே. அதை ஏ4 தாளில் 6 அங்குல அகலத்துக்கு இழுத்து வைத்தால், ஓர் அங்குலத்துக்கு 75 படப்புள்ளிகள்தான் மிஞ்சும். நல்ல அச்சுக்கு 300 வேண்டும். 150 இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். 75 என்பது அதில் பாதிதான்.

இதில் வருத்தம் என்னவென்றால், அதே படம் கோப்புக்குள்ளே 1800 படப்புள்ளி அகலத்தில் முழுத் தெளிவோடு உட்கார்ந்திருக்கலாம். 1800ஐ 6ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 300. கிணற்றில் நீர் நிறைய இருக்க, நாம் கையால் அள்ளிக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

திரைப்பிடிப்பைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், முதலில் படம் திரை முழுவதும் நிறையும் வரை பெரிதாக்குங்கள். பிறகு பிடியுங்கள். 450 என்பது 1300ஐத் தாண்டும். 6 அங்குலத்துக்கு அது 200க்கும் மேல் வரும். ஆனால் மூலப் படமே சிறியதாக இருந்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் இல்லாத தெளிவு வராது. மங்கல்தான் பெரிதாகும்.

*மதிப்பீடு: அவசரத்துக்கு ஆகும். வாரப் பயிற்சிக்குச் சரி, தேர்வுத்தாளுக்கு வேண்டாம்.*

2. வேர்ட் கோப்பைத் திறந்து எடுத்தல்: பலருக்குத் தெரியாத கதவு

வேர்ட் 2007 முதல் பயன்பாட்டில் இருக்கும் 'டாக்எக்ஸ்' கோப்பு, பார்க்க ஒரே கோப்பு மாதிரி இருந்தாலும் உள்ளே ஒரு பொட்டலம். எழுத்து தனியே, வடிவமைப்பு தனியே, படங்கள் தனியே என்று பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டியதுதான் அது. கட்டைப் பிரித்தால் படங்கள் தனித்தனியாகக் கிடைத்துவிடும். செய்முறை இதுதான்:

முதலில் கோப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள். நகலின் பெயருக்குப் பின்னால் உள்ள 'டாக்எக்ஸ்' நீட்டிப்பை அழித்து 'ஸிப்' என்று தட்டச்சு செய்யுங்கள். நீட்டிப்பு கண்ணில் படவில்லையென்றால், கோப்புச் சாளரத்தின் 'வியூ' பட்டியலில் அதைக் காட்டும்படி தேர்வு செய்யலாம். கணினி எச்சரிக்கும், பயப்பட வேண்டாம். பிறகு அந்த ஸிப் கோப்பைத் திறந்து 'வேர்ட்' என்னும் அடைவுக்குள் போங்கள். அங்கே 'மீடியா' என்றோர் அடைவு இருக்கும். ஆவணத்தில் உள்ள படங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பவர்பாயிண்ட் கோப்பு என்றால் 'பிபிடி' அடைவுக்குள்ளும், எக்செல் என்றால் 'எக்ஸ்எல்' அடைவுக்குள்ளும் இதே 'மீடியா' இருக்கும். பழைய 'டாக்' வகைக் கோப்புக்கு இது பலிக்காது. அதை முதலில் புதிய வகையில் சேமித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஒன்றிரண்டு படம் மட்டும் போதும் என்றால் இவ்வளவு சிரமம் வேண்டாம். படத்தின் மேல் வலது சொடுக்கு செய்து 'சேவ் அஸ் பிக்சர்' கொடுத்தாலே போதும். முப்பது நாற்பது படம் உள்ள பயிற்றி என்றால் ஸிப் வழிதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கூகள் டாக்ஸ் ஆவணமாக இருந்தால் இன்னும் எளிது. டெலிமா கணக்கில் அதைத் திறந்து, பதிவிறக்கப் பட்டியலில் 'வெப் பேஜ்' என்பதைத் தேர்வு செய்தால், படங்கள் தனி அடைவில் வைக்கப்பட்ட ஒரு ஸிப் கோப்பு இறங்கும்.

குறை இல்லையா? இருக்கிறது. முதலாவது, படங்கள் 'இமேஜ்1', 'இமேஜ்2' என்ற பெயரில்தான் வரும். எந்தப் படம் எந்தக் கேள்விக்கு, யார் எடுத்தது, எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு எல்லாம் பக்கத்திலேயே தங்கிவிடும். இரண்டாவது, வேர்ட் பல பதிப்புகளில் இயல்பாகவே படங்களை அங்குலத்துக்கு 220 படப்புள்ளி என்ற அளவுக்குக் குறைத்துச் சேமிக்கிறது. தாளில் 2 அங்குல அகலத்தில் சிறிதாக வைத்த படம் என்றால், உள்ளே 440 படப்புள்ளிதான் மிஞ்சியிருக்கும். பயிற்றி தயாரிப்பவர்கள் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு' பிரிவுக்குப் போய், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியில் ஒரு சரி போட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

*மதிப்பீடு: தெளிவில் முதலிடம். பெயரையும் மூலத்தையும் உடனே குறித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் சிறந்த முறை.*

3. பி.டி.எஃப்: இங்கேதான் தமிழாசிரியருக்குத் தனிச் சிக்கல்

பாடநூல், பழைய தேர்வுத்தாள், மாநில அளவிலான சோதனைத்தாள் என்று நம் கைக்கு வருவதில் பெரும்பகுதி பி.டி.எஃப்தான். இதிலிருந்து படங்களை மட்டும் உருவி எடுக்கக் கருவிகள் உண்டு. 'பாப்ளர்' என்ற இலவசத் தொகுப்பில் உள்ள 'பிடிஎஃப்இமேஜஸ்' கட்டளை, கோப்பில் பதிந்த படங்களை இருந்தது இருந்தபடியே எடுத்துத் தரும். கட்டளை எல்லாம் தட்டச்சு செய்ய முடியாது என்பவர்கள் 'லிப்ரெஆபிஸ் டிரா'வில் பி.டி.எஃப்பைத் திறந்து, படத்தை வலது சொடுக்கு செய்து சேமிக்கலாம். அதுவும் இலவசம்தான். எழுத்துகள் அதில் இடம் மாறித் தெரியலாம். நமக்கு வேண்டியது படம் மட்டும் என்பதால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தும் வழிகாட்டிகளோடுதான் எனக்குக் கருத்து வேறுபாடு. காரணத்தைச் சொல்கிறேன்.

பி.டி.எஃப் பக்கத்தில் நம் கண்ணுக்கு ஒரே படமாகத் தெரிவது, கோப்புக்குள் பெரும்பாலும் பல அடுக்குகளாக இருக்கும். ஐந்திணையை விளக்கும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலை, காடு, வயல், கடற்கரை, பாலை என ஐந்து படங்கள். அவற்றின் மேல் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற பெயர்கள். கருவியைக் கொண்டு உருவினால் ஐந்து படங்களும் வரும், பெயர்கள் வராது. பெயர்கள் எழுத்தாகத் தனி அடுக்கில் இருப்பவை, படக்கருவிக்கு அவை படமே அல்ல. அம்புக்குறிகளும் கட்டங்களும் அப்படியே. கோடுகளாக வரையப்பட்ட வரைபடம், பட்டைக் குறிவரைவு போன்றவை சுத்தமாக வெளியே வரவே வராது. "ஒன்றும் கிடைக்கவில்லையே!" என்று திகைப்போம். வரையப்பட்டவற்றை எடுக்க 'இங்க்ஸ்கேப்' போன்ற வரைகலைச் செயலி வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பின்னணி ஒளிபுகும்படி அமைத்த படத்தை உருவினால், படம் கறுப்புப் பின்னணியோடு ஒரு கோப்பாகவும், வெறும் கறுப்பு வெள்ளை நிழலுரு இன்னொரு கோப்பாகவும் வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டாவது, எந்த இடம் ஒளிபுக வேண்டும் என்று சொல்லும் முகமூடி.

வருடி மூலம் எடுத்த பழைய தேர்வுத்தாள் என்றால் கதை வேறு. அங்கே முழுப் பக்கமுமே பெரும்பாலும் ஒரே படம்தான். உருவினால் பக்கமே வரும், நாம்தான் வெட்டிக்கொள்ள வேண்டும்.

சரி, பெயர்களோடு சேர்ந்த ஐந்திணைப் படம் தெளிவாக வேண்டும் என்றால் என்ன செய்வது? பக்கத்தையே உயர்ந்த தெளிவில் படமாக மாற்றுங்கள். 'கிம்ப்' என்ற இலவசச் செயலியில் பி.டி.எஃப்பைத் திறந்தால், எத்தனை தெளிவு வேண்டும் என்று அதுவே கேட்கும். 300 என்று கொடுத்து, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிச் சேமியுங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருந்தால் தமிழ் எழுத்துகள் உடையாமல் அப்படியே வரும். நம் வேலைக்கு மிகப் பொருத்தமான முறை இதுதான் என்பது என் கருத்து. திரைப்பிடிப்பின் முழுமையும் இதில் உண்டு, கோப்பின் தெளிவும் உண்டு.

அதே நேரத்தில், பெயர் இல்லாமல் படம் மட்டும் வருவதை ஒரு குறையாகவே பார்க்க வேண்டியதில்லை. "கீழ்க்காணும் படங்களுக்குரிய திணையின் பெயரை எழுதுக" என்ற பயிற்சிக்கு அதுதானே வேண்டும்! வெள்ளைப் பெட்டி போட்டுப் பெயரை மறைப்பதைவிட, பெயரே இல்லாத படத்தை எடுப்பது சுத்தமான வேலை. எதற்காக எடுக்கிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், எந்த முறை என்பது தானே தெரிந்துவிடும்.

தமிழாசிரியருக்கே உரிய இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளிலிருந்து பத்தியை நகலெடுத்தால், வெறும் கிறுக்கல்தான் ஒட்டும். உடனே நாம் அந்தப் பத்தியையே படமாகப் பிடித்து ஒட்டிவிடுகிறோம். பார்வைக்குத் தமிழ் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் ஒரு பிழையைக்கூடத் திருத்த முடியாது. தேட முடியாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவனின் கணினியால் வாசித்துக் காட்டவும் முடியாது. பத்து வரிப் பத்தி என்றால் உட்கார்ந்து தட்டச்சு செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. அடுத்த பத்து ஆண்டுக்கு அது எல்லோருக்கும் உதவும்.

*மதிப்பீடு: தனிப்படத்துக்கு உருவுதல், பெயரோடு சேர்ந்த படத்துக்குப் பக்கத்தைப் படமாக்குதல். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.*

4. இணையத்தில் பதிவேற்றி எடுத்தல்: இலவசம்தான், ஆனால் விலை உண்டு

கோப்பைப் பதிவேற்றினால் எல்லாப் படத்தையும் பிரித்துத் தரும் இணையத்தளங்கள் நிறைய. பொதுவில் கிடைக்கும் கோப்புக்குப் பயன்படுத்தலாம். ஆனால் இன்னும் நடக்காத ஒரு தேர்வின் வினாத்தாளை முகம் தெரியாத ஒருவரின் கணினிக்கு அனுப்பி வைப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வினாத்தாளைப் பூட்டிய அலமாரியில் வைக்கிறோம், சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுக்கிறோம். பிறகு அதே கோப்பை எங்கேயோ பதிவேற்றுகிறோம்! கூகள் டாக்ஸ் வழியைத் தவிர, மேலே சொன்ன முறைகள் எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடப்பவை. தேர்வுத்தாளுக்கு அவையே போதும்.

5. வெட்டியது போய்விட்டதா? மறைத்தது மறைந்துவிட்டதா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால், இதை வாசியுங்கள்.

வகுப்பில் நடந்த ஒரு நடவடிக்கையின் படத்தை வேர்டில் இடுகிறோம். ஓரத்தில் நிற்கும் மாணவி தெரிய வேண்டாம் என்று அந்தப் பகுதியை வெட்டுகிறோம். இன்னொரு மாணவனின் முகத்தின் மேல் ஒரு மஞ்சள் வட்டத்தை வைத்து மறைக்கிறோம். திரையில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. கோப்பைக் குழுவில் பகிர்கிறோம்.

இப்போது இரண்டாம் பகுதியில் சொன்ன முறைப்படி யாராவது அந்தக் கோப்பைப் பிரித்தால், வெட்டாத முழுப் படம் வெளியே வரும். மஞ்சள் வட்டமும் இருக்காது. ஏனென்றால் வேர்டில் 'கிராப்' செய்வது அந்தப் பகுதியை அழிப்பதில்லை, காட்டாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மேலே வைத்த வட்டம் தனிப்பொருள், படத்தோடு ஒட்டியதல்ல. பி.டி.எஃப்பாக மாற்றினாலும் அடியில் உள்ள படம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். திறன்பேசியில் எடுத்த படமாக இருந்தால், எடுத்த நாளும் இடமும்கூட அதனுள் பதிந்திருக்கக்கூடும்.

தீர்வு எளிதுதான். மறைக்க வேண்டியதை வேர்டுக்குள் கொண்டுவரும் முன்பே, படம் திருத்தும் செயலியில் வெட்டி, புதிய படமாகச் சேமித்துவிட்டு அதை இடுங்கள். ஏற்கெனவே இட்டுவிட்ட படத்துக்கு 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்ற கட்டளையில், வெட்டிய பகுதிகளை நீக்கும் தேர்வு உண்டு. அதைக் கொடுத்துச் சேமித்தால் வெட்டிய பகுதி போய்விடும். மேலே வைத்த வட்டத்துக்கு அது உதவாது. விடையை வெள்ளைப் பெட்டியால் மறைத்து மாணவர்களுக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பெட்டியை நகர்த்த மாணவர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்!

6. எடுக்க முடிவது வேறு, எடுக்கலாம் என்பது வேறு

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், தேர்வு வினாக்களை அமைப்பதற்காகப் பிறர் படைப்பைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. அதனால் பள்ளித் தேர்வில் ஒரு படத்தைப் பயன்படுத்தும் ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதே படங்களைத் தொகுத்து, அட்டை போட்டு, பயிற்சி நூலாக விற்பது தேர்வு வினா அமைப்பது ஆகாது. வரைந்தவருக்கும் படம் எடுத்தவருக்கும் அங்கே உரிமை உண்டு. விற்பனைக்கு இல்லாத பயிற்றியிலும் மூலத்தைக் குறிப்பிடுவது நல்ல பண்பு. படத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி, அதற்கு எவ்வளவு இடம் போய்விடும்?

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

திரட்டேடு தயாரிக்கும்போது நீங்களும் இதே வேலையைத்தான் செய்கிறீர்கள். படத்தை எடுத்தவுடன் அதற்கு ஒரு பெயர் வையுங்கள்: எந்த நூல், எந்தப் பக்கம், எந்தத் தேதியில் எடுத்தது. 'இமேஜ்7' என்று இருந்தால், ஒரு வாரம் கழித்து உங்களுக்கே அது என்னவென்று தெரியாது. நிழற்படத்தை 'ஜேபெக்' வகையிலும், எழுத்தும் கோடும் உள்ள படத்தை 'பிஎன்ஜி' வகையிலும் சேமியுங்கள். ஜேபெக் படத்தைத் திறந்து திருத்தி மீண்டும் மீண்டும் சேமித்தால், ஒவ்வொரு முறையும் தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நண்பர்களுக்குப் புலனத்தில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் புலனம் அதைச் சுருக்கிவிடும்.

பயிற்சியில் ஒரு படம் உங்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்றால், தயங்காமல் ஆசிரியரிடம் கேளுங்கள். மங்கலான படத்தை வைத்து ஊகித்து எழுதப் பழகிவிட்டால், தெளிவான படம் கிடைக்கும்போதும் உற்றுப் பார்க்கும் பழக்கம் வராது.

முடிவாக

ஒரு முறை நல்லது, மற்றது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. திரைப்பிடிப்புக்கும் ஓர் இடம் உண்டு. அதை ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதைத்தான் குறை சொல்கிறேன். அடுத்த பயிற்றியைக் குழுவில் பகிரும் முன், ஒரு பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

- கேள்வி எதைப் பார்க்கச் சொல்கிறதோ, அது படத்தில் தெரிகிறதா?
- படத்தோடு இருக்க வேண்டிய பெயரோ குறிப்போ விடுபட்டிருக்கிறதா?
- வெட்டியதும் மறைத்ததும் உண்மையிலேயே நீங்கிவிட்டனவா?
- படம் யாருடையது என்று எழுதியிருக்கிறோமா?

நான்குக்கும் சரியான பதில் வந்தால் தாராளமாகப் பகிருங்கள். ஒன்றுக்கு வராவிட்டாலும், மூலக் கோப்பை இன்னொரு முறை திறந்து பாருங்கள். நல்ல படம் பெரும்பாலும் அதற்குள்ளேயேதான் இருக்கும்.